டிசம்பர் 30-இல் பிறந்தவர் வியட்நாம் போருக்கு அழைக்கப்பட்டிருப்பாரா?

டிசம்பர் 30-இல் பிறந்த நீங்கள் அன்றைய அமெரிக்க இளைஞராக இருந்திருந்தால் வியட்நாம் போருக்கு அழைக்கப்பட்டிருப்பீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். 1944 முதல் 1950 வரையிலான ஆண்டுகளில் பிறந்த ஆண் என்று வைத்துக்கொண்டால், அழைப்பு வந்திருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம்.

கட்டாயப் படைச் சேர்ப்புக்கு இளைஞர்களை எந்த வரிசையில் அழைப்பது என்பதை அவர்களின் பிறந்த தேதிகளைக் கொண்டு குலுக்கலில் முடிவு செய்தனர். 1969 டிசம்பர் 1 அன்று, ஆண்டின் 366 தேதிகளையும் நீல நிற பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, கண்ணாடிக் குடுவையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தனர். முதலில் வந்தது செப்டம்பர் 14. உங்கள் தேதி மூன்றாவது. தேதி வெளிவந்த வரிசையே அதன் எண்; 195 வரையிலான எண்களுக்கு அழைப்பு சென்றது.

இதில் அதிர்ஷ்டத்தை மட்டும் நொந்துகொள்ள முடியாது. குடுவையில் கொட்டுவதற்கு முன் குப்பிகளை மாத வரிசையில் ஒரு பெட்டியில் இட்டுவிட்டுச் சரியாகக் கலக்காமல் விட்டதால், கடைசியில் சேர்ந்த மாதங்களின் தேதிகள் முந்திக்கொண்டு வெளிவந்தன என்பதே புள்ளியியலாளர்கள் தரும் விளக்கம். ஜனவரியின் 31 தேதிகளில் 14 மட்டுமே அந்த 195-க்குள் அடங்கின, டிசம்பரிலோ 26. (இவ்வளவு பெரிய முடிவை எடுக்கும்போது பெட்டியை இன்னும் கொஞ்சம் குலுக்கியிருக்கலாம்!) அடுத்த ஆண்டுக் குலுக்கலில் தேதிகளுக்கும் எண்களுக்கும் தனித்தனி உருளைகளைப் பயன்படுத்தி இக்குறையைச் சரிசெய்தனர்.

ஆயினும், அழைப்பு வந்த அனைவரும் படையில் சேர்க்கப்படவில்லை. மருத்துவப் பரிசோதனையில் தகுதியற்றவர் எனப்பட்டவர்கள் விலக்குப் பெற்றனர். கல்லூரி மாணவர்கள் படிப்பு முடியும்வரை ஒத்திவைப்புப் பெற முடிந்தது. ஆகவே, உங்கள் பிறந்த தேதியைவிட, அந்த வயதில் நீங்கள் கல்லூரியில் இருந்திருப்பீர்களா என்பதையே நான் முதலில் கேட்பேன்.