நகரத்துப் பழங்குடிக் குடும்பங்களில் வன்முறையைத் தடுக்கப் பண்பாடு எதற்கு, போலீஸ் போதாதா?

ஆஸ்திரேலியாவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? போதாது. 1970கள் வரை பழங்குடிப் பிள்ளைகளை வீடு புகுந்து பிடுங்கிக்கொண்டு போனதே அரசும் போலீஸும்தான், அதனால் இன்றைக்கும் புகார் கொடுத்தால் பிள்ளை போய்விடுமோ என்று பயந்து, அடி வாங்கியும் வாய் திறக்காத பெண்கள் உண்டு.

அதனால்தான் தங்கள் பண்பாட்டோடு தங்கள் ஆட்களே நடத்துகிற உதவி வேண்டியிருக்கிறது. மெல்பர்னில் ஜிர்ரா என்றொரு பழங்குடிப் பெண்கள் அமைப்பு (பெயரே கூடை முடைகிற கோரையைக் குறிப்பது). 'சிஸ்டர்ஸ் டே அவுட்' என்று ஒரு நாள் கூட்டுவார்கள்: மசாஜ், அழகு பராமரிப்பு, நாலு பேரோடு அரட்டை. வக்கீலும் ஆலோசகரும் அதே இடத்தில் இருப்பார்கள், வேண்டுமென்றால் போய்ப் பேசலாம். வக்கீல் அலுவலகப் படியேறத் தயங்குகிறவர்கூட இங்கே வாய் திறப்பார், எனக்குப் பிடித்ததே இதுதான்.

ஆண்களுக்கு? தர்டி முன்வுரோ என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே பழங்குடி ஆண்களே வட்டமாக உட்கார்ந்து, வன்முறை செய்தவர்களைத் தாங்கள் செய்ததை ஒப்புக்கொண்டு பேச வைக்கிறார்கள்.