ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்பைடு என் கணக்கில் இன்டைரக்ட் பேண்ட் கேப் காட்டுகிறது. புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை. பேப்பர் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். அது டைரக்ட் கேப்தான் (நிரம்பிய வேலன்ஸ் பட்டையின் உச்சியும் அதற்கு மேலுள்ள காலிப் பட்டையின் அடியும் ஒரே புள்ளியில்; இன்டைரக்ட் என்றால் வெவ்வேறு புள்ளியில்) என்பது 2010-லேயே ஒளிர்வுச் சோதனைகளில் தெரிந்துவிட்டது. சீனியர் கொடுத்த இன்புட் ஃபைலை அப்படியே ஓட்டியிருப்பீர்கள். மென்பொருள் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வேலன்ஸ் பட்டையின் உச்சி கே புள்ளியிலா, காமாவிலா என்பதுதான் விஷயம் (எலக்ட்ரான் உந்தத்தின் அறுகோண வரைபடத்தில் கே மூலை, காமா நடு). இரண்டுக்கும் உயர வித்தியாசம் சொற்பம். முதலில் லாட்டிஸ் அளவை, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் செல்லின் நீளத்தைப் பாருங்கள். சோதனையில் 3.16 ஆங்ஸ்ட்ராம், பிபிஇ என்ற தோராய முறை 3.18 தரும். உங்களுக்கு 3.22 வந்திருந்தால் அந்த இழுப்பே போதும், காமா மேலே ஏறிவிடும். கட்ஆஃபை (கணக்கில் சேர்க்கும் அலைகளின் ஆற்றல் வரம்பு) குறைத்து வைத்து செல்லை ரிலாக்ஸ் செய்தால், அதாவது தானே அளவை மாற்றி அமைய விட்டால், ஸ்ட்ரெஸ் பொய் சொல்லும்.

ரிலாக்ஸ் செய்யும்போது இசட் திசையையும் திறந்து விட்டீர்களா? வெற்றிடம் சுருங்கி, மென்பொருள் செல்லைத் திரும்பத் திரும்ப அடுக்குவதால் மேலும் கீழும் வரும் பிம்ப அடுக்குகள் நெருங்கிவிடும். காமாவில் உள்ள நிலைகளில் கந்தகத்தின் பி-இசட் ஆர்பிட்டலுக்குப் பங்கு உண்டு. அவை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பவை, பக்கத்து அடுக்கு தட்டுப்பட்டதும் உயர்ந்துவிடும். பல அடுக்குப் படிகம் இன்டைரக்ட் ஆவதும் இதனால்தான். உயரத்தை 20 ஆங்ஸ்ட்ராமில் நிறுத்தி, தளத்தில் மட்டும் அசைய விடுங்கள்.

அடுத்து ஸ்பின்-ஆர்பிட், அதாவது எலக்ட்ரானின் ஸ்பின்னுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள பிணைப்பு. கே உச்சி சுமார் 0.15 எலக்ட்ரான்வோல்ட் பிளவுபட்டு மேல்பாதி 0.07 போல ஏறும், காமா அசையாது. ஸ்விட்சை மட்டும் போட்டால் போதாது, முழு ரிலேட்டிவிஸ்டிக் சூடோபொட்டென்ஷியலும் (அணுக்கருவையும் உள் எலக்ட்ரான்களையும் சேர்த்துப் பதிலாக நிற்கும் கோப்பு) வேண்டும்.

கேப்பை எஸ்சிஎஃப் (முதலில் ஓடும் தன்னிசைவுக் கணக்கு) அவுட்புட்டிலிருந்து படித்தீர்களானால், உந்தப் புள்ளிகளின் கட்டம் 3-ஆல் வகுபட வேண்டும். 10×10-இல் கே புள்ளியே கிடையாது, 12×12×1 வையுங்கள்.

"ஜிடபிள்யூ போடாமல் கேப்பைப் பற்றிப் பேசாதே" என்று வருபவர்களுக்கு: தெரியும். பிபிஇ-யைவிடத் துல்லியமான முறையான ஜிடபிள்யூ 2.7 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு அருகில் தரும், ஒளிச்சோதனையின் 1.9 எக்ஸிடான் (எலக்ட்ரானும் துளையும் பிணைந்த ஜோடி), பிபிஇ 1.7 அதற்குப் பக்கத்தில் நிற்பது தற்செயல். இங்கே கேள்வி எவ்வளவு என்பதல்ல, எங்கே என்பது.

இன்னொன்று. மூன்று அணு, சமச்சீருக்குப் பின் 19 கே-புள்ளிகள். சிங்கப்பூரின் சூப்பர்கணினியான ஆஸ்பயர் 2ஏ-வில் ஒரு நோடே 128 கோர். புள்ளிவாரியாகப் பிரித்துக் கொடுத்தால் அதுவே அதிகம். நான்கு நோடு கேட்டு வரிசையை அடைத்துவிட்டு, பிறகு "கியூ நகரவே இல்லை" என்று புலம்பாதீர்கள்.