சர்பத்ல டபிள்யூஎஸ்-23 போட்டா பேட்டன்ட் கேஸ் வருமா?

தம்பி, திருப்பாதிரிப்புலியூர்ல நன்னாரி சர்பத் போடுறேன், மென்தால் கசக்குதுன்னு டபிள்யூஎஸ்-23ங்கற கூலிங் பவுடர் கலந்தேன், இப்ப அது வெளிநாட்டு பேட்டன்ட்டுனு (காப்புரிமை) ஒருத்தர் பயமுறுத்துறார்னு கேட்டிருந்தீங்க. பயப்படாதீங்க. டபிள்யூஎஸ்னா வில்கின்சன் ஸ்வார்டு, ஆமா அந்த பிளேடு கம்பெனியேதான், 1970கள்லயே அவங்க கண்டுபுடிச்சது, இங்க பேட்டன்ட் ஆயுசு தாக்கல் பண்ண தேதியிலேர்ந்து 20 வருசம்தான், அதனால அந்தப் பொருளோட பழைய பேட்டன்ட் எப்பவோ முடிஞ்சுபோச்சு.

ஆனா புதுசா வர்ற கூலிங் சரக்கு, அதைக் கலக்குற முறை, இதுக்கெல்லாம் தனித்தனியா பேட்டன்ட் இருக்கலாம், அதனால பவுடர் பேரை சப்ளையர்கிட்ட எழுத்துல வாங்கி வச்சிக்குங்க. அமெரிக்க பேட்டன்ட் நம்பரைக் காட்டுனா அது இங்க செல்லாது, இந்தியாவுல பதிவாச்சான்னு இந்திய பேட்டன்ட் ஆபீஸோட இன்பாஸ் (InPASS) தேடல் சைட்ல ஓசியிலேயே தேடிப் பாருங்க.

நீங்களே பேட்டன்ட் போடணும்னா கடலூருக்கும் பாண்டிக்கும் சென்னை கிண்டி ஆபீஸ்தான். ஆனா சும்மா ரெண்டு சரக்கைக் கலந்து ரெண்டோட குணமும் சேர்ந்து வருதுன்னா பேட்டன்ட் சட்டம் 3(e) பிரிவுல தள்ளிடுவாங்க. அதோட, வித்துட்டு அப்புறம் போனா புதுமை போச்சும்பாங்க, நான் ஒரு சோடா மூடி விஷயத்துல இப்படித்தான் கோட்டை விட்டேன்.

எவ்ளோ போடலாம்ங்கறது எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட சமாச்சாரம், அதைத் தனியா கேட்டுக்குங்க.