ஒரு காதில் பாக் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், வயது 29. இரண்டு வருடமாக, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையைக் கேட்கிறேன். கேட்கிறேன் என்றால், ‘பாக்கின் புகழ்பெற்ற படைப்புகள்’ என்று கிடைக்கும் ஒரு தொகுப்பை. ‘ஏர் ஆன் தி ஜி ஸ்ட்ரிங்’, டி மைனர் டொக்காட்டா, ஜி மேஜர் மினுவெட், ‘ஜீசு ஜாய்’, இப்படி. வயலின் கற்ற நண்பன் ஒருவன், “இதெல்லாம் லிஃப்டில் போடுகிற சங்கீதம், இதை வைத்துக்கொண்டு பாக் தெரியும் என்று சொல்லாதே” என்கிறான். புகழ்பெற்றவை என்பதாலேயே இவை மட்டமா? எந்த வரிசையில் கேட்க வேண்டும்? நொட்டேஷன் (எழுதப்பட்ட இசைக் குறியீடு) தெரியாமல், கிறித்தவப் பின்னணி தெரியாமல் கேட்டால் பயனுண்டா? பாக் முழுக்கக் கணிதம் என்கிறார்களே? பாக் கீபோர்டுக்கு எழுதிய கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை இரவு படுக்கும்போது போனில் ஓடவிடுவேன். தூக்கம் வராத ஒரு பிரபுவைத் தூங்கவைக்க எழுதியதாமே. எனக்கும் நன்றாகத் தூக்கம் வருகிறது. ஆனால் முதலில் வருகிற அந்த அழகான மெட்டு, அதற்கப்புறம் வருகிற 30 துண்டுகளிலும் எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

மு.

அன்புள்ள மு.,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். மற்றதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். நொட்டேஷன் தெரிய வேண்டியதில்லை. கிறித்தவப் பின்னணி, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ‘மத்தேயு பாஷன்’ கேட்கும்போது தேவைப்படும். அன்றைக்கு மத்தேயு நற்செய்தியின் 26, 27ஆம் அதிகாரங்களைப் படித்துக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. கணிதம் என்று சொல்பவரிடம் எந்தக் கணிதம் என்று கேளுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

உங்கள் நண்பர் சொன்னது அசட்டுத்தனம். ஒரு பாட்டு லிஃப்டில் ஒலித்தால் அது பாட்டின் குற்றமா? ஆனாலும் அவர் தெரியாமலே ஒரு உண்மையின் வாலை மிதித்திருக்கிறார். உங்கள் பட்டியலைப் பாருங்கள். அந்த மினுவெட் பாக் எழுதியதே இல்லை. டிரெஸ்டனில் ஆர்கன் வாசித்த கிறிஸ்டியன் பெட்சோல்ட் எழுதியது. பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725ஆம் வருட நோட்டுப் புத்தகத்தில் பெயர் போடாமல் கிடந்ததால் பாக்கின் கணக்கில் ஏறிவிட்டது. டொக்காட்டாவுக்கு பாக் கைப்பட எழுதிய பிரதி இல்லை. அது அவருடையதுதானா என்று ஆய்வாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ‘ஜீசு ஜாய்’ 1723இல் லைப்சிக்கில் அரங்கேறிய 147ஆம் கான்டாட்டாவில் (தேவாலயத்தில் பாடும் இசைத்தொகுதி) வருகிறது. அதில் கூட்டமாகப் பாடும் தோத்திர மெட்டு யோகான் ஷோப்புடையது. பாக் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன மனிதர். அந்த மெட்டைச் சுற்றி மும்மூன்றாக ஓடிக்கொண்டே இருக்கிறதே, அந்த ஓட்டம்தான் பாக். நீங்கள் குளிக்கும்போது முணுமுணுப்பது எதை? மெட்டை விட்டுவிட்டு ஓட்டத்தைத்தான் முணுமுணுப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன்.

அப்புறம் அந்த ‘ஏர்’. போன வாரம் முழுக்க நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால்தான் உங்கள் கடிதம் வந்ததும் சட்டென்று பிடித்துக்கொண்டேன். மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா தொகுதியின் இரண்டாம் பகுதி அது. பாக் அதற்கு வைத்த பெயர் வெறும் ‘ஏர்’. இரண்டு வயலின் வரிசை, ஒரு வியோலா, எல்லாவற்றுக்கும் கீழே பேஸ் என்கிற அடிக்குரல். 1871இல் ஆகஸ்ட் வில்ஹெல்மி என்ற வயலின்காரர் அதன் சுருதியை டி மேஜரிலிருந்து சி மேஜருக்கு இறக்கி, முதல் வயலினின் மெட்டை வயலினின் ஆகக் கனமான தந்தியான ஜி தந்தி ஒன்றிலேயே வாசிக்கும்படி மாற்றினார். ‘ஜி ஸ்ட்ரிங்’ என்ற பெயர் அதனால் வந்தது. நால்வர் பேசிக்கொண்டிருந்த திண்ணையில் ஒருவர் எழுந்து கச்சேரி பண்ண ஆரம்பித்துவிட்டார், மற்ற மூவரும் தலையாட்ட உட்கார்ந்துவிட்டார்கள். உலகத்துக்கு அது பிடித்துப்போயிற்று.

நான் அதை முதலில் கேட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். 1994, கல்லூரி விடுதி. அறைத்தோழனின் பழைய வாக்மேன், உறை இல்லாத ஒரு கேசட். மேலே பேனாவால் ‘வெஸ்டர்ன் 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஹெட்போனின் கறுப்புப் பஞ்சு உதிர்ந்து காதில் ஒட்டும். இடது பக்கம் செத்துப்போயிருந்தது, ஒயரை முறுக்கிப் பிடித்தால்கூட வராது. ஆர்கெஸ்ட்ரா பதிவுகளில் பெரும்பாலும் வயலின்கள் இடது பக்கம், செல்லோவும் டபுள் பேஸும் வலது பக்கம். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. வலது காதில் கீழே ஒன்று நடந்தது. ஒரு சுரம், அதே சுரம் அடுத்த ஸ்தாயியில். ஒரு படி இறங்கி மறுபடி அப்படியே. வயதான ஒருவர் கைப்பிடியைப் பிடித்து மாடிப்படி இறங்குவதுபோல. தூரத்தில் எங்கோ பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி வயலின் கேட்கும். பேட்டரி தீரும்போது நடை இன்னும் தளரும். வெளியே எடுத்து வெயிலில் வைத்து மறுபடி போடுவேன். நான்கைந்து மாதம் அந்த நடைதான் அந்தப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக.

பிறகு ஒரு நண்பன் வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டேன். மேலே ஒரு மெட்டு! யாரோ புதிதாகச் சேர்த்துவிட்டார்கள் என்றே தோன்றியது. எரிச்சலாகக்கூட இருந்தது.

‘ஏர்’ பாட்டின் முதல் அளவை (தாளத்தின் ஒரு கட்டம்) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டியை ஷட்ஜமாக வைத்தால், முதல் வயலின் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அளவு முழுக்க ஒரே சுரம். அதற்குள் பேஸ் ச, நி, த, ப என்று நான்கு படி இறங்கிவிடுகிறது. அசையாத சுரம் நம்மை உருக்குகிறது என்று நினைக்கிறோம். தரை அதன் கீழே நகர்ந்துகொண்டிருப்பதுதான் உருக்குகிறது. தரையை எடுத்துவிட்டு அந்தக் காந்தாரத்தை மட்டும் பாடிப் பாருங்கள், அது வெறும் சுருதிப்பெட்டி.

இப்போது கோல்ட்பர்க். மு., இதில் உங்களைத் திட்டத்தான் போகிறேன். மெட்டு எங்கே போயிற்று என்று இரண்டு வருடமாகத் தேடியிருக்கிறீர்கள். மெட்டு எங்கேயும் போகவில்லை, அது வருவதாகவே ஏற்பாடு இல்லை. பாக் அந்த 30 வேரியேஷன்களையும் கட்டியது, முதலில் வருகிற அந்த மெட்டான ‘ஆரியா’வின் பேஸ் மேல். ஜியை ஷட்ஜமாக வைத்தால் முதல் எட்டு சுரம் இதுதான்: ச நி த ப, அங்கிருந்து கீழே குதித்து க ம ப ச. ‘ஏர்’ இறங்கிய அதே ச நி த ப இங்கேயும்! (சங்கராபரணத்தின் சுரங்கள்தான். உடனே பாக் சங்கராபரணம் பாடினார் என்று கிளம்பாதீர்கள், ஏற்கெனவே அப்படிப்பட்ட கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன.) 32 அளவுள்ள இந்த அடித்தளத்தின் மேல் ஒவ்வொரு முறையும் ஒரு புது வீடு. மூன்று வீடுகள் மைனரில். ஒவ்வொரு மூன்றாவது வேரியேஷனும் ஒரு கேனன், ஒரு குரல் இன்னொன்றைத் துரத்திக்கொண்டே போகும். முப்பதாவது அப்படி இல்லை. அங்கே முட்டைக்கோஸும் டர்னிப்பும் தின்று சலித்து ஓடிவந்த ஒருவனின் நாட்டுப்பாட்டைச் செருகி வைத்திருக்கிறார். அடித்தளம் மட்டும் அதே அடித்தளம். கடைசியில் ஆரியா திரும்ப வரும். நீங்கள் அதற்கு முன்பே தூங்கிவிடுவதால் தெரிந்திருக்காது.

அந்த எட்டு சுரத்தை அவர் சும்மா விடவில்லை. 1974இல் ஸ்ட்ராஸ்பூர்கில் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸின் அவருடைய சொந்த அச்சுப்பிரதி கிடைத்தது. அதன் கடைசியில் அதே எட்டு சுரத்தின் மேல் 14 கேனன்களைக் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். விக் வைத்து, கோட்டு போட்டு, கொஞ்சம் முறைத்தபடி பாக் இருக்கிற அந்தப் பிரபலமான ஓவியம், 1746இல் ஹவுஸ்மன் வரைந்தது. கையில் ஒரு சின்னத் தாள், எழுத்து நம் பக்கம் தெரியும்படி பிடித்திருக்கிறார். அந்தத் தாளின் பேஸ் வரியில் இருப்பது இந்த எட்டு சுரம்தான். மனிதர் இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

தூக்கக் கதைக்கு வருவோம். பாக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபோர்க்கல் என்பவர் 1802இல் எழுதியது அது, படைப்பு அச்சாகி 60 வருடம் கழித்து. 1741ஆம் வருட அச்சில் அந்தப் பிரபு கைசர்லிங்கின் பெயர் இல்லை, கதையில் அவருக்கு வாசித்துக்காட்டும் கோல்ட்பர்கின் பெயரும் இல்லை. கோல்ட்பர்குக்கு அப்போது 14 வயது. முகப்பில் இருப்பது ‘இசை விரும்பிகளின் மன உவகைக்காக’ என்பது. சரி, கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஃபோர்க்கல் சொல்கிற பிரபு தூக்கம் கேட்கவில்லையே! தூக்கம் வராத ராத்திரிகளில் மனதுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்க ஏதாவது வேண்டும் என்றுதான் கேட்கிறார். அந்த நோயாளி விழித்திருந்து கேட்டார் ஐயா. நீங்கள் ஆரோக்கியமான ஆள், குறட்டை விடுகிறீர்கள்.

அதுவும் போன் ஸ்பீக்கரில். நகத்தளவு ஸ்பீக்கரில் கீழ்ச் சுரங்கள் எழும்பாது. இரண்டு வருடமாக நீங்கள் கேட்டது வீட்டின் ஓடுகளை மட்டும். என் செத்த ஹெட்போனுக்கு நேர் எதிர். சொல்லப்போனால் எனக்கு வாய்த்ததுதான் நல்ல பழுது. பிற்பாடு ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் கொடுத்து ஒயரைப் பற்றவைத்தேன், பத்து ரூபாய் ஆயிற்று. அதற்குப் பிறகும் ‘ஏர்’ வரும்போது இடது பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வரிசை கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வரிசையெல்லாம் வேண்டாம். இந்த வாரம் ஆரியாவை மட்டும், நல்ல ஹெட்போனில், பகலில், உட்கார்ந்து கேளுங்கள். வலது கை என்ன செய்கிறது என்று கவனிக்காதீர்கள். அந்த எட்டு சுரத்தை வாய்விட்டுப் பாடும் அளவுக்கு வந்ததும் எழுதுங்கள். தூங்குவதற்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.