பெரியப்பாவின் கணக்கும் மகளின் இசையும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மலேசியாவின் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்ற மகள், மருத்துவம் வேண்டாம், ஆற்றோசையும் பறவையொலியும் கலந்து மனத்தை அமைதிப்படுத்தும் இசையை அமைக்கப்போகிறேன் என்கிறாளாம். கிள்ளானில் இருக்கும் பெரியப்பாவோ வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் முகவரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். கணவரின் ஊழியர் சேமநிதியை எடுத்து, வீட்டையும் அடகு வைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளைச் சமாளிக்கலாம் என்பது அவர்கள் போட்டிருக்கும் கணக்கு.

உங்கள் கலக்கம் புரிகிறது அம்மா. ஆனால், அந்தக் கணக்கு தவறு. இரண்டு ஆண்டுக்கே வீடு அடகுக்குப் போகுமானால், மீதி ஆண்டுகளுக்கான பணத்தை யார் தருவார் என்று பெரியப்பாவிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டு வந்திருக்கிறார்கள். நிரந்தரப் பதவி கேட்டு 2021 ஜூலையில் அவர்கள் வெளிநடப்பும் செய்தார்கள். விருப்பமுள்ள பிள்ளை இதையெல்லாம் தாங்கும். விருப்பமில்லாத பிள்ளை பாதியில் திரும்பி வந்தால், கடன்தான் மிஞ்சும்.

மருத்துவத்துக்கு மாற்றாகப் பொறியியல், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றை உறவினர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மகள் கேட்பது பொழுதுபோக்கு அன்று. கைத்திறன் தேவைப்படும் தொழில். தோட்டத்து விடியலில் பதிவுக்கருவியை வைத்தால் குண்டுகரிச்சானின் குரல் மட்டுமா கிடைக்கும்? செம்பனை ஆலையின் இரைச்சலும், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் மோட்டார் சைக்கிள்களின் உறுமலும் சேர்ந்தே பதிவாகும். ஒலிவாங்கியில் காற்று மோதாதபடி உறை போட்டு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிவு செய்து, அடித்தொனி இரைச்சலை வடிகட்டி, சில்வண்டின் கூர்மை காதைக் குத்தாதபடி தணித்த பிறகுதான் இசைக்கே இடம் பிறக்கிறது. பிறகு நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுகள் கொண்ட நிதான நடையில், திடீர் ஏற்ற இறக்கம் இல்லாமல், பறவை கூவும்போது குழல் ஒதுங்கி நிற்கும்படி அமைக்க வேண்டும். தாலாட்டுக்கு நீலாம்பரியைத் தேர்ந்த மரபில் வந்த பிள்ளைக்கு இது அந்நியமான வேலையும் அன்று.

வருமானத்தைப் பற்றி மகளிடமும் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பதிவுக்கு இணைய இசைச் சேவையான ஸ்பாட்டிஃபை 2024 முதல் பணம் தருவதில்லை. வெறும் மழையோசை, அலையோசைப் பதிவுகளுக்கோ இசைக்குத் தருவதில் ஒரு பகுதியைத்தான் தருகிறது. ஆகவே ஓசையைப் பதிவேற்றிவிட்டுக் காத்திருப்பது பிழைப்பாகாது. யோகா நிலையங்கள், ஸ்பாக்கள், தியானச் செயலிகள், ஆவணப்படங்கள் ஆகியவற்றுக்குக் கேட்டபடி அமைத்துக் கொடுப்பதே பிழைப்பு. இதே திறன் தொலைக்காட்சி நாடகங்களின் ஒலிப்பணிக்கும் கைகொடுக்கும்.

நோய் தீர்க்கும் இசை என்று விளம்பரம் செய்யவும் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பதற்றத்தை இசை குறைக்கக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட மீளாய்வு கூறுகிறது. 432 ஹெர்ட்ஸ் சுருதி நோயைப் போக்கும் என்பது வெறும் கதை. நோயாளிகளுக்கு இசைச் சிகிச்சை அளிப்பது தனிப் பயிற்சி பெற்றவர்களின் வேலை.

படிப்புக்குக் கோலாலம்பூரில் அஸ்வாரா இருக்கிறது. 1994இல் அரசு தொடங்கிய இந்தக் கலைக்கழகத்தில் இசைக்கெனத் தனிப் புலம் உண்டு. டிப்ளோமாவும் பட்டமும் படிக்கலாம். ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்துப் போவதானால், பேராக்கிலேயே, தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் இசை கற்பிக்கிறார்கள். பளபளப்பான கையேட்டைக் காட்டும் தனியார் ஒலிப்பொறியியல் கல்லூரிக்கு வீட்டை அடகு வைத்தால், அதுவும் பெரியப்பாவின் அதே தவறுதான். இப்போதைக்கு ஒரு கைப்பதிவுக் கருவியும் பழைய மடிக்கணினியும் போதும். ஒலித்தொகுப்பு மென்பொருள்களில் ஆடாசிட்டி இலவசம், ரீப்பரின் சலுகை உரிமம் 60 அமெரிக்க டாலர். கல்லூரிச் சேர்க்கைக்கான திறன் தேர்வுக்குள் பத்து நிமிட இசைத் துண்டுகள் மூன்றை அவளே முடித்து வைக்கட்டும்; முடிக்காவிட்டால் அப்போது மீண்டும் பேசலாம்.

முகவருக்கு இன்னும் முன்பணம் தரவில்லை என்றால் தராதீர்கள். தந்துவிட்டீர்கள் என்றால், ரசீதை எடுத்துக்கொண்டு கணவரோடு இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள்.