காரைக்குடிப் பக்கம் "கம்மி ஓட்டம்" என்று சொல்லி விற்கிற பழைய எஸ்யூவியை நம்பி வாங்கலாமா?

கேள்வி: "காரைக்குடியில் இருக்கிறேன். 6 லட்சத்துக்குள் பழைய காம்பாக்ட் எஸ்யூவி தேடுகிறேன். 2018 மாடல் டீசல் ஒன்று இருக்கிறது. 24,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார் என்கிறார் புரோக்கர். எடுக்கலாமா? பொதுவாக எந்த மாடல் தொல்லை தராது?"

எடுக்கலாம். ஆனால் அந்த 24,000 என்ற எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். செட்டிநாட்டில் கம்மி ஓட்டம் என்றால் பெரும்பாலும் வீட்டில் ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என எந்த ஊருக்குப் போனாலும் பெரிய வீட்டுக் கார் செட்டில் ஒரு வண்டி துணி போர்த்தி நிற்கும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கோயில் காரியம் என்று வீட்டார் வந்தால் நாலு நாள் ஓடும், மற்றபடி நிற்கும். 2018 வண்டி இதுவரை 24,000 என்றால் மாதம் 300 கிலோமீட்டர்கூட வரவில்லை. ஓடித் தேய்ந்த வண்டியின் செலவை மீட்டரை வைத்துக் கணக்குப் போடலாம். நின்று கெட்ட வண்டிக்கு அந்தக் கணக்கு உதவாது.

நின்ற வண்டியில் முதலில் போவது ரப்பர். டயரில் பட்டன் புதுசு போலத் தெரியும். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஆறு வருடம் தாண்டி, பக்கச்சுவரில் பொடி வெடிப்பும் இருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றியாக வேண்டும். இந்த வண்டிகளில் பரவலாக உள்ள 215/60 ஆர் 16 அளவில் நாலு டயருக்கு முப்பதாயிரத்தை ஒட்டி ஆகும்.

"வாரம் ஒருதரம் வாட்ச்மேன் ஸ்டார்ட் பண்ணி விடுவார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பாதிக் கெடுதல் அதிலிருந்துதான் வருகிறது. ஐந்து நிமிட ஐடிலில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் தங்கும், கொஞ்சம் புகையை இன்ஜினுக்கே திருப்பி விடும் ஈ.ஜி.ஆர். பாதையில் கரி ஏறும், செல்ப் இழுத்த கரன்ட்டும் பேட்டரிக்கு முழுசாகத் திரும்பாது. ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, ஸ்டார்ட் செய்த பிறகு 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும்.

அடுத்தது எலி. பூட்டிக் கிடக்கும் வீட்டில் எலிக்குப் பஞ்சமில்லை, பெருச்சாளியும் உண்டு. பானெட்டின் அடிப்பக்கப் பஞ்சு, ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரி ஓரம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏ.சி. ஃபில்டரைக் கழற்றி மோந்து பாருங்கள். வயரிங்கில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு நாலு இடத்தில் தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். வயரிங் கோளாறு ஒருநாள் சென்சாரில் வரும், மறுநாள் ஏ.பி.எஸ்.ஸில் வரும், மெக்கானிக்குக்கும் பிடி கிடைக்காது.

டேங்கில் பழைய டீசல் கிடந்திருந்தால் தண்ணீர் சேரும். டீசல் ஃபில்டரின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அது இன்ஜெக்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் போயிருந்தால் செலவு பல பத்தாயிரம். பெட்ரோல் வண்டிக்கும் இது பொருந்தும். இப்போது பங்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும். கூலன்ட் டப்பாவில் செங்காவி நிறமோ சுண்ணாம்புப் படிவோ தெரிந்தால் யாரோ போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர், ஹீட்டர் கோர், வாட்டர் பம்ப் மூன்றின் மீதும் சந்தேகம் வர வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பலர் கவனிக்காதது, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட். ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 1.5 டீசலிலும் ரெனோ டஸ்டர் 1.5 டீசலிலும் இருப்பது ரப்பர் பெல்ட். இதை மாற்றக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமில்லை, வருடக் கணக்கும் உண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான். 24,000-தானே என்று விட்டால், அறுந்த அன்றைக்கு வால்வு பிஸ்டனில் அடித்து ஹெட் இறக்க வேண்டியதாகும். மாற்றும்போது பெல்ட் மட்டும் போதாது. டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்துப் போட வேண்டும், ஏனென்றால் அதே பெல்ட்தான் பம்பையும் சுற்றுகிறது. மாருதி பிரெஸ்ஸாவின் 1.3 டீசலில் செயின் இருக்கிறது. அதற்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் ஆயில் தள்ளிப்போட்டு மாற்றிய வண்டியில் செயின் தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் உலோகம் உரசுகிற மாதிரி கலகலவென்று கேட்டால் அதுதான்.

மீட்டர் நிஜமா என்று எப்படித் தெரியும்? கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்து, ஓனர் மூலமாக சர்வீஸ் ஹிஸ்டரி வாங்குங்கள். அதில் மொத்தக் கிலோமீட்டரைப் பார்ப்பதைவிட இடைவெளிகளைப் பாருங்கள். வருடம் ஒரு பில், ஒவ்வொன்றிலும் 3,000 முதல் 4,000 கூடியிருந்தால் கதை பொருந்துகிறது. இரண்டு வருடம் பில்லே இல்லாமல் பிறகு 2,000 மட்டும் கூடியிருந்தால், ஆயில் மாற்றாமல் நின்றிருக்கிறது அல்லது மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். மீட்டர் 24,000 காட்டுகிறது, டயர் மட்டும் 2021 தயாரிப்பு என்றால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ஒரு செட் டயர் சாதாரணமாக 40,000 கிலோமீட்டராவது வரும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் என்.சி.பி. (கிளெய்ம் செய்யாததற்குத் தரும் தள்ளுபடி) சதவீதம் இன்னொரு சாட்சி. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 50 சதவீதம் இருக்கும். பூஜ்யம் என்றால் முந்தைய வருடம் எதற்குக் கிளெய்ம் செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது காலையிலேயே போங்கள், "நான் வருமுன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கலாம். ஸ்டார்ட் ஆகி ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே மேலே வையுங்கள். லேசாக ஆடினால் சரி. தூக்கி எறிகிற மாதிரி குதித்து, புகையும் குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை ஆயில் எரிவது. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதைத் தாண்டிய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே செம்மண் ஒட்டினால் தூசி டர்போவுக்கும் போயிருக்கிறது. விலை மலிவான ஃபில்டர் போட்டு கிராமத்துச் சாலையில் ஓட்டிய வண்டிகளில் இது சகஜம்.

ஆயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும் புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் கருவி) செருகிப் பாருங்கள். கோளாறுக் குறி எதுவும் இல்லை என்று சந்தோஷப்படுவதற்குள், குறிகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பல வண்டிகளில் அது தெரியும். 12 கிலோமீட்டர் என்றால் நேற்று அழித்திருக்கிறார்கள்.

டெஸ்ட் டிரைவ் தெருமுனை வரை போய்த் திரும்புவதாக இருக்கக் கூடாது. திருமயம் வரை போய் வாருங்கள், ஹைவே வேகத்துக்கு அந்த ரோடு போதும். நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. திரும்பும்போது உள்ளூர்க் கிராமத்துச் சாலை ஒன்றில் விடுங்கள். வேகத்தடையில் முன்பக்கம் டொக் டொக் என்றால் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் லிங்க் ராடோ லோயர் ஆர்ம் புஷ்ஷோதான். அதற்குப் பயப்பட வேண்டாம், விலையில் பேசிக்கொள்ளலாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது கடகடவென்றால் ஆக்சில் ஜாயின்ட், அதற்குக் கொஞ்சம் செலவு ஆகும். வந்து நிறுத்திய பிறகு ஏ.சி.யைப் போட்டு பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, ரேடியேட்டர் ஃபேன் வந்து வந்து நிற்கிறதா, டெம்பரேச்சர் நடுவில் நிலையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். சூட்டில் கூலன்ட் மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் முதலில் சென்னை மூழ்கியது, இரண்டு வாரத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. டி.என். 69, டி.என். 72 நம்பரோ சென்னை நம்பரோ இருந்தாலே குற்றம் என்று நினைக்க வேண்டாம், ஆனால் கூடுதலாகப் பாருங்கள். நம் பக்கத்து வண்டியில் செம்மண் தூசி எங்கும் இருக்கும், அது பிரச்சினை இல்லை. சாம்பல் நிற வண்டல் படிவுதான் அடையாளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் கறைக்கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், ஹெட்லைட்டுக்குள் ஆவி, இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் போதும், திரும்பி வந்துவிடுங்கள். தொண்டி, ராமேஸ்வரம் மாதிரிக் கடற்கரை ஊர் வண்டிக்கு அடிப்பாகத் துருவைப் பாருங்கள். அடியில் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

இனி மாடல். உங்கள் தொகைக்கு என் முதல் தேர்வு மாருதி பிரெஸ்ஸா. 2016 முதல் 2020 தொடக்கம் வரை டீசல் மட்டும், பிறகு 1.5 பெட்ரோல். அந்தப் பெட்ரோலில் டர்போவும் இல்லை, டைமிங் பெல்ட்டும் இல்லை, காரைக்குடியில் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஓட்டுவதற்குச் சப்பென்று இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எக்கோஸ்போர்ட் டீசல் மேனுவல் உறுதியான வண்டி. 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததால் விலை இறங்கியிருக்கிறது. சர்வீஸ் இன்னும் கிடைக்கிறது, ஆனால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். அதே வண்டியில் இரண்டைத் தொடாதீர்கள்: 2017-க்கு முந்தைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் டிரை டூயல் கிளட்ச் (ஆயிலில் மூழ்காத இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்), மற்றும் 1.0 எக்கோபூஸ்ட் டர்போ பெட்ரோல் இன்ஜின். எக்கோபூஸ்டில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள் மூழ்கி ஓடுகிறது. பழசானால் துகள் உதிர்ந்து ஆயில் பம்பின் வலையை அடைக்கும். நின்று நின்று ஓடிய வண்டியில் அந்த இன்ஜினை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டாடா நெக்ஸான் உடல் கட்டு பிரமாதம், 2018-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஆரம்ப வருட வண்டிகளில் டச் ஸ்கிரீன், பேனல் சத்தம் என்று சில்லறைத் தொல்லை உண்டு. ஹூண்டாய் வென்யூவில் 1.2 பெட்ரோல் மேனுவல் நல்லது. டர்போ டி.சி.டி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வண்டியை மதுரை டிராஃபிக்கில் தினம் ஓட்டுவதானால் வேண்டாம்.

டீசலா பெட்ரோலா என்பது உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது. நீங்கள் பார்க்கும் 2018 வண்டி பி.எஸ். 4 புகை விதிப்படி வந்தது, அந்தக் காலத்துச் சின்ன டீசல்களில் பெரும்பாலும் டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) கிடையாது, அதனால் உள்ளூரில் ஓட்டலாம். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசல் வேறு. கழனிவாசலிலிருந்து செக்காலை வரை மட்டும் போய் வந்தால் டி.பி.எஃப்.பில் சேர்ந்த கரி எரிய நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஹைவேயில் விட வேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டர் தாண்டாதவருக்குப் பெட்ரோலே போதும் என்பது என் கணிப்பு.

பேப்பரில்தான் இந்த ஊர் வண்டிகள் அதிகம் சிக்கும். ஆர்.சி. யார் பெயரில் என்று முதலில் பாருங்கள். வீட்டுப் பெரியவர் பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 மூலம் முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும், அதன் பிறகுதான் உங்களுக்கு. பேரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆகாது. ஓனர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து, ஓ.டி.பி. வரும் போன் நம்பர் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் முடிவான பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். லோன் இருந்திருந்தால் பேங்கின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும், கடனை அடைத்தாலும் ஆர்.சி.யில் இருக்கும் எச்.பி. (கடன் குறிப்பு) தானாக நீங்காது. புதுச்சேரி, கேரளா, டெல்லி நம்பர் மலிவாகத் தெரிந்தால், இங்கே திரும்பக் கட்ட வேண்டிய லைஃப் டாக்ஸைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

வண்டியை எடுக்கும் நாளில் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முந்தைய இ-சலான் அவருடையது, பிந்தையது உங்களுடையது. பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் என்.சி.பி. உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கம்பெனி கேட்டால் கட்டத்தான் வேண்டும்.