பரவலாக்கப்பட்ட நிகழ்நேர அமைப்புகளில் மறுமொழி நேரம்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சோதனையில் சராசரி மறுமொழி நேரம் 4 மில்லி விநாடிதான், காலக்கெடுவோ 12. இது போதாதா?

பதில்: போதாது. நிகழ்நேர அமைப்பில் காலக்கெடு எந்தச் சூழலிலும் தவறாது என்று காட்டியாக வேண்டும். அதற்குச் சராசரி உதவாது. சோதனையில் அளந்த உச்ச நேரத்தையும் நம்பிவிட முடியாது, ஏனெனில் கணினி செய்ய வேண்டிய எல்லாப் பணிகளும் ஒரே கணத்தில் வந்து சேரும் நிலை, பல நாள் சோதனையிலும் ஒருமுறைகூட நேராமல் போகலாம்.

கேள்வி: பிராசசர் பயன்பாடு, அதாவது அது வேலையில் இருக்கும் நேரத்தின் பங்கு, 69 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறார்களே?

பதில்: ஒன்றையொன்று சாராத பணிகளில், அடிக்கடி வருவதற்கு அதிக முன்னுரிமை கொடுத்து, ஒவ்வொன்றும் தன் அடுத்த முறை வருவதற்குள் முடிந்தால் போதும் என்றிருக்கும்போது, பயன்பாடு சுமார் 69.3 விழுக்காட்டுக்குள் இருந்தால் காலக்கெடு தவறாது என்று 1973இல் ஆய்வாளர்கள் லியூவும் லேலண்டும் நிறுவினர். தாண்டினால் தவறியே தீரும் என்று அவர்கள் சொல்லவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் பணி குறைந்தது 4 மில்லி விநாடி இடைவெளியில் வந்து 1 மில்லி விநாடி ஓடுகிறது. இரண்டாவது 6க்கு 2. கடைசி முன்னுரிமை உள்ள மூன்றாவது 12க்கு 3. மொத்தப் பயன்பாடு 83 விழுக்காட்டுக்கும் சற்று மேல். மூன்றாவது முடிவதற்குள் மற்ற இரண்டும் அதிகபட்சம் எத்தனை முறை குறுக்கிடும் என்று எண்ணி, அந்த நேரத்தை அதன் சொந்த 3உடன் கூட்டி, கிடைத்த விடையை வைத்து மறுபடியும் எண்ணிக்கொண்டே போனால் 6, 7, 9, 10 என வளர்ந்து 10இல் நின்றுவிடும். காலக்கெடு 12 என்பதால் இந்த அமைப்பு தேறுகிறது. ஜோசப்பும் பாண்டியாவும் 1986இல் வெளியிட்ட இந்தக் கணக்கைத் தாளிலேயே போட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்; விழுக்காட்டு வரம்பு மறைத்துவிடும் பலவற்றை இது காட்டும்.

கேள்வி: நெட்வொர்க்கில் இணைந்த பல கணினிகள் வழியாக ஒரு வேலை நடக்கும்போது, ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் முழுப் பாதையின் நேரம் கிடைத்துவிடுமா?

பதில்: பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். மேற்சொன்ன மூன்றாம் பணி முடிந்தவுடன் நெட்வொர்க்கில் ஒரு செய்தியை அனுப்புகிறது என்று கொள்வோம். ஒருமுறை அது 10 மில்லி விநாடி எடுத்து, அடுத்த முறை குறுக்கீடே இல்லாமல் 3இல் முடிந்தால், 12 மில்லி விநாடி இடைவெளியில் வரவேண்டிய இரு செய்திகள் 5 மில்லி விநாடி இடைவெளியிலேயே புறப்பட்டுவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஜிட்டர் என்கிறோம். அது செய்தியின் தாமதத்தோடு சேர்ந்து பெறும் கணினிக்குப் போய், அங்குள்ள குறைந்த முன்னுரிமைப் பணிகளைக் கூடுதலாகத் தள்ளிப்போடும். அந்தப் பணிகள் திரும்ப அனுப்பும் செய்திகளின் ஜிட்டரும் பெருகும். ஆகவே எல்லா ஜிட்டரையும் முதலில் சுழியமாகக் கொண்டு, பணிகளையும் செய்திகளையும் சேர்த்தே கணக்கிட்டு, வந்த ஜிட்டரை உள்ளே செலுத்தி, எண்கள் மாறாமல் நிற்கும் வரையோ ஒரு காலக்கெடு உடையும் வரையோ திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த முழுமைப் பகுப்பாய்வை 1994இல் டின்டெல்லும் கிளார்க்கும் முன்வைத்தனர்.

கேள்வி: வாகனங்களில் கணினிகளை இணைக்கும் பொதுத் தகவல் தடமான கேன் பஸ்ஸில் மிக உயர்ந்த முன்னுரிமை கொடுத்த செய்தியும் காத்திருக்க நேருமா?

பதில்: நேரும். பஸ்ஸில் ஏறிவிட்ட செய்தியை இடையில் நிறுத்த முடியாது. 11 பிட் அடையாளமும் 8 பைட் தரவும் கொண்ட செய்தி, ஒத்திசைவுக்காக நடுவே சேர்க்கப்படும் இடைச்செருகல் பிட்டுகளுடன் 135 பிட் வரை நீளும். விநாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் அது 0.27 மில்லி விநாடி. இந்தக் காத்திருப்பைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: வேகமான பிராசசர் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

பதில்: எப்போதும் அல்ல. ஒன்றையடுத்து ஒன்று நடக்க வேண்டிய பணிகள் பல பிராசசர்களில் பகிரப்பட்டிருக்கும்போது, ஒவ்வொரு பணியின் ஓட்ட நேரத்தைக் குறைத்தாலும் மொத்த வேலை முடியும் நேரம் கூடக்கூடும் என்று கணிதவியலாளர் ரொனால்ட் கிரஹாம் 1960களிலேயே காட்டிவிட்டார். பணிகள் முடியும் வரிசை மாறுவதால், முக்கியமான ஒரு பணிக்குத் தேவையான பிராசசரை வேறொரு பணி முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது. எனவே பிராசசரை மாற்றினால் கணக்கையும் முதலிலிருந்து போடுங்கள்.